லேடீஸ் டாய்லெட் அடைப்பும் என் கெட்டிக்காரத்தனமும்

மெயின்டெனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது இந்த வேலைக்கும் வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளுக்கும் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பாய்லர், கம்ப்ரஸர், ஜெனரேட்டர் பற்றிச் சொல்லித்தர என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது லேடீஸ் டாய்லெட் அடைப்பைப் பற்றி. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை பழகி, பிறகு திருப்பூர் வந்து, முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் பிட்டராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் நான் "பிட்டரு"தான். எண்ணெய் மில்லில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழக்கத்தை என் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார். குழாயில் இருந்து எது வந்தாலும் சட்டென்று தூக்கி எறியாதே, கையில் எடுத்துப் பார், அது எங்கே உள்ளே போனது என்று கண்டுபிடி என்பார். அருமையான பழக்கம். அதை வைத்துத்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பல்லடம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்த காலம். ஷெட்டுக்கு மேல் ஷெட்டாக இழுத்துக் கட்டிக்கொண்டே போனார்கள். முந்நூறு பேர் வேலை செய்தோம், அதில் இருநூறுக்கு மேல் பெண்கள். எல்லாம் கட்டி முடித்த பிறகு மிச்சமிருந்த மூலையில் லேடீஸ் டாய்லெட்டைக் கட்டினார்கள். எட்டு ரூம், எட்டுக்கும் சேர்த்து ஒரே லைன் குழாய், அது போய் விழ ஒரு செப்டிக் டேங்க். குழாயைப் பதித்தவர்கள் ஜாயின்டில் சிமென்டை வழித்துவிடாமல் போய்விட்டார்கள். அந்தச் சிமென்ட் உள்ளே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

மாசத்துக்கு இரண்டு தடவையாவது அடைக்கும். நான் சேம்பர் மூடியைத் திறப்பேன், மூங்கில் பட்டையை விட்டுக் குத்துவேன், தண்ணீர் 'களக்'கென்று இறங்கும், கையைக் கழுவிக்கொண்டு டீக்குப் போவேன். அதற்கு மேல் யோசித்ததில்லை. உள்ளே என்ன போகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கடையில் வாங்கும் பேடு போகும். அது தண்ணீர் குடித்தால் கொழுக்கட்டை மாதிரி ஊதி வளைவில் உட்கார்ந்துகொள்ளும். கடையில் வாங்க முடியாதவர்களின் பனியன் துணி போகும். பனியன் துணி ஊதாது, ஆனால் இழுபடும், சீக்கிரம் மக்காது, அந்தச் சிமென்ட் முள்ளில் மாட்டிக்கொண்டு வருகிற போகிறதை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அடைப்பின் விஞ்ஞானம் அவ்வளவுதான். "பொம்பளைங்க ஏன்தான் இப்படிப் பண்றாங்களோ" என்று சலித்துக்கொள்வதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை எட்டில் ஐந்து ரூம் நிரம்பி நின்றது. வியாழக்கிழமை வெளிநாட்டில் இருந்து பையர் வருகிறார். புது ஆர்டர் கொடுப்பதற்கு முன் கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார்கள், டாய்லெட்டையும் விட மாட்டார்கள். மேனேஜர் என் தலைக்கு மேல் வந்து நின்றுகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பையர் வரும் வாரத்தில் எந்த மேனேஜரும் நல்லவராக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சேம்பரில் பட்டையை விட்டுக் கொக்கி போட்டு இழுத்தபோது ஒரு கெட்டியான உருண்டை வந்தது. பேடுகள், அவற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குப் பனியன் துணி. பழக்கதோஷத்தில் தண்ணீரை ஊற்றி அலசிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் கோடு. அந்தக் கோட்டுத் துணி கம்பெனியிலேயே ஒரே ஓர் இடத்தில்தான் ஓடியது, மூன்றாவது தையல் லைனில், குழந்தைகள் ஆர்டருக்கு. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

"சார், இது மூணாவது லைன் துணிங்க" என்று மேனேஜரிடம் தூக்கிக் காட்டினேன்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் என்பது குப்பை இல்லை. உள்ளங்கை அகலத் துண்டுகூட மூட்டையில் சேர்ந்து எடை போட்டு விலைக்குப் போகும். எடுத்தால் திருட்டு. அதற்காகவே எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் துணிப்பை, தோல்பை கொண்டுவரக் கூடாது. சோத்து டப்பா, சீப்பு, குடை எதுவானாலும் டி-ஷர்ட் பேக் பண்ணும் கண்ணாடிக் கவர் மாதிரி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில்தான் வர வேண்டும், போக வேண்டும். கேட்டில் ஒரு மேஜை. ஆண்களும் பெண்களும் அதே மேஜை மேல் பையை வைத்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம்.

ஆகவே என் கண்டுபிடிப்பு மேனேஜருக்கு இரண்டு குற்றமாகத் தெரிந்தது. துணியைத் திருடியது ஒன்று, குழாயை அடைத்தது இன்னொன்று. நேராக மூன்றாவது லைனுக்குப் போனார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். இருபத்தாறு பெண்கள். நான் கொக்கியும் கையுமாக வாசலில் நின்றேன்.

"யாரு எடுத்தது? இப்பச் சொல்லலைன்னா நாளைக்கு லைன் மொத்தமும் வேலைக்கு வர வேண்டாம்."

நான் ஒரு பெருமைக்குச் சொல்லப்போக, இருபத்தாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அப்போது ஓவர்லாக் மெஷினில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். செல்வராணி. தூத்துக்குடிப் பக்கம். அம்மாவும் அவளும் மட்டும் கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி, வேலைக்குப் போக முடியாது. இவள் தைத்துத்தான் அடுப்பு எரிந்தது.

"நாந்தான் சார்" என்றாள்.

"அப்ப நீ போயிரு. திருட்டுப் பழக்கம் இருக்கறவங்களுக்கு இங்க எடமில்ல."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகவில்லை. இந்த ரோட்டில் ஒரு கம்பெனியில் துணித் திருடி என்று பெயர் எடுத்தால் அடுத்த கம்பெனி சேர்க்காது. மேனேஜர்கள் எல்லாம் ஒரே டீக்கடைதான். அவள் கேட்டில் கண்ணாடிப் பையை மேஜை மேல் வைத்துக் காட்டிவிட்டு, துப்பட்டாவை அதன் மேல் போட்டு மூடிக்கொண்டு நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி சேம்பரில் குனிந்தேன். வேறென்ன செய்வது, வியாழக்கிழமை பையர் வருகிறாரே.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். டாய்லெட் கழுவும் பழனாத்தாள் துடைப்பத்தோடு வந்து சேம்பர் ஓரத்தில் நின்றார். என் வயதுக்காரர்தான். மூன்று வருஷமாக நான் அடைப்பெடுத்த பிறகு தரையைக் கழுவிவிடுபவர், ஆனால் "தண்ணி ஊத்துங்க", "போதுமுங்க" தவிர எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

"ஏனுங்க பிட்டரு, நீங்க ரொம்பக் கெட்டிக்காரருங்க" என்றார்.

கிண்டல் என்று புரிந்தது. குனிந்து பட்டையைத் துடைத்தேன்.

"துணியப் பாத்தே எந்த லைனுன்னு சொல்லிப்போட்டீங்க. அதைய எங்க கொண்டுபோயி போடறதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"ஏன், உள்ளதான் குப்ப டப்பா இருக்குதுல்லீங்க?"

"இருக்குதுங்க. தெனம் ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து அதையக் கவுத்துக் குச்சிய உட்டுக் கிளறுவாருங்க. ரெண்டு மாசத்துக்கு முன்ன யாரோ அதுக்குள்ள டி-ஷர்ட்ட ஒளிச்சு வெச்சிருந்தாங்கல்ல, அப்ப இருந்து. ஆம்பள குச்சிய உட்டுக் கிளறற டப்பாவுல எந்தப் பொம்பள போடுவா?"

அந்த டி-ஷர்ட் சமாச்சாரம் எனக்கும் தெரியும். நானும் நின்று வேடிக்கை பார்த்தவன்தான். விட்டுக்கொடுக்க மனம் வராமல், "சரிங்க, ஒரு கவருல சுத்தி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாமே" என்றேன்.

பழனாத்தாள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த என்னுடைய கண்ணாடிப் பையைக் கையால் தட்டிக் காட்டினார். உள்ளே என் சோத்து டப்பா, ஊறுகாய்ப் பாட்டில், மாற்று லுங்கி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

டப்பா தெரியும், வாட்ச்மேன் குச்சி தெரியும், கேட் மேஜை தெரியும், கண்ணாடிப் பை என் கையிலேயே தினம் தொங்குகிறது. எல்லாம் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. கோட்டுத் துணியை மட்டும் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

"இன்னொண்ணு கேட்டுக்கோங்க" என்றார் பழனாத்தாள். "அது அந்தப் புள்ளையோட துணி இல்லீங்க. அது கடையில வாங்கற பேடுதான் வெக்கும். எனக்குத் தெரியாதுங்களா? லைனையே தொரத்திப்போடுவாங்கன்னு பயந்து எந்திரிச்சு நின்னுருச்சு."

"அப்ப யாரோடதுங்க அது?"

"அதையும் கண்டுபுடிக்கோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் தரையைக் கழுவ ஆரம்பித்தார். தம்பிகளே, தங்கைகளே, அந்தக் கேள்வியை நான் அன்றோடு விட்டுவிட்டேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாக்கெட் பேடு கேட்டேன். நாற்பத்தைந்து வயது வரை வாங்காத சாமான். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கவும் இல்லை. அவர் பாட்டுக்கு எடுத்தார், தினசரித் தாளில் சுற்றினார், அதைக் கறுப்புக் கவரில் போட்டு நீட்டினார். யாரும் அவரிடம் தாளில் சுற்றச் சொல்லவில்லை, கறுப்புக் கவர் கேட்கவில்லை. வாங்கிப் போகிறவர் கூச்சமில்லாமல் ரோட்டில் நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுளுக்கெடுக்கும் தைலம் விற்கிற மனுஷனுக்குத் தெரிந்தது, குழாயோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

மத்தியானம் பெண்கள் எல்லாம் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து முதலாளி அறைக்குப் போனேன். முதலாளி குடியானவக் குடும்பம். அப்போதும் காலையில் தோட்டத்துக்குப் போய் மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்கு வருவார்.

"என்னங்க பிட்டரு, லைன் கிளியர் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க. ஆனா நிக்காதுங்க. வியாழக்கெழமைக்குள்ள மறுபடி அடைச்சாலும் அடைக்குமுங்க."

"ஏனுங்க?"

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பெண் குழந்தைகள் பெற்று, காதுகுத்து, சீர் எல்லாம் செய்தாகிவிட்டது. ஆனாலும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவருக்குக் கேட்கக் காது வரவில்லை. "பொம்பளைங்க சமாச்சாரமுங்க" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் உடனே ஏதோ ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அதெல்லாம் மேனேஜருகிட்டச் சொல்லுங்க."

"அவருகிட்டச் சொன்னதுலதானுங்க இவ்வளவும் வந்துச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் என்ற கூட வாங்க. வரலீன்னா வியாழக்கெழமைக்கு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க."

அதுவரை முதலாளியிடம் அப்படிப் பேசியதில்லை. வியாழக்கிழமை என்றதும் எழுந்து வந்தார். பழனாத்தாள் உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வாசலில் காவல் நின்றார். முதலாளி தன் சொந்தக் கம்பெனியின் அந்த மூலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூக்கைப் பொத்த வேண்டியிருந்தும் மரியாதைக்காகப் பொத்தாமல் நின்றார்.

நான் ஒரு பேடை எடுத்து எங்கள் கம்பெனிக் கண்ணாடிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"என்னங்க இது!" என்று பதறினார்.

"தப்பா நெனைக்காதீங்க. இதைய நீங்க இப்ப எங்கயாச்சும் போடோணும். மேனேஜருக்குத் தெரியப்படாது, வாட்ச்மேனுக்குத் தெரியப்படாது, கேட்டுல நிக்கற யாருக்கும் தெரியப்படாது. எங்க போடுவீங்க?"

அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நின்றார். மூலையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே வாட்ச்மேனின் குச்சி சாய்த்து வைத்திருந்தது. ஜன்னலைப் பார்த்தார், அதற்கு வெளியே கட்டிங் மாஸ்டர்கள் பீடி குடிக்கும் இடம். கையில் இருந்த கவரைத் தூக்கிப் பார்த்தார், அதன் வழியாக என் முகம் தெரிந்திருக்கும். கடைசியில் திறந்திருந்த ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுலதானுங்க போடுவேன்" என்று கோப்பையைக் காட்டினார். குரல் இறங்கிவிட்டது. "வேற எடமே இல்லியேங்க."

"இல்லீங்க."

"இதுக்கா ஒரு புள்ளைய வெளிய அனுப்பினோம்?"

"ஆமாங்க. துணியக் காட்டுனது நானுங்க."

அவர் அந்தக் கவரை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பழனாத்தாள்தான் வந்து வாங்கிக்கொண்டார். "அந்தப் புள்ளைய வரச் சொல்லிருங்க. இங்க என்ன பண்ணோணுமோ பண்ணுங்க, என்னையக் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி வேகமாக நடந்து போய்விட்டார்.

வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்ற நினைப்பில் அன்று சாயங்காலமே செல்வராணியின் லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் ஊருக்கு பஸ்.

"முதலாளி வரச் சொல்லிட்டாருங்க. நாளைக்குக் காலையில வந்துருங்க" என்றேன், ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி.

"நான் வரல அண்ணாச்சி."

"ஏனுங்க? வேலை திரும்பக் கெடைச்சுருச்சுல்ல?"

"வேலை கெடைச்சிட்டு. பேரு? இருபத்தஞ்சு பேரு முன்னால திருடின்னு சொன்னாவ. நாளைக்கி நான் பேசாம வந்து மெஷின்ல உக்காந்தா, கால்ல விழுந்து கெஞ்சி வந்திருக்கான்னுதான் எல்லாரும் நெனைப்பாவ. அதுக்கு நான் ஊருல தீப்பெட்டி ஒட்டிப் பொழைச்சிக்கிடுவேன்."

அம்மா, "ஏட்டி, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்று அதட்டினார். ஆனால் பெட்டியைப் பிரிக்கச் சொல்லவில்லை.

"நான் என்ன பண்ணோணும்னு சொல்லுங்க" என்றேன்.

"எல்லாரு முன்னாலயும் சொன்னாவ. எல்லாரு முன்னாலயும் இல்லன்னு சொல்லணும். மேனேஜர் சொல்ல மாட்டாவ. நீங்க சொல்லுவீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாளியிடம் தனியாகச் சொல்லவே நாக்குக் குழறியவன் நான். இருபத்தாறு பெண்களுக்கு முன்னால், ஆண்களும் போய் வரும் ஷெட்டில் நின்று அதைச் சொல்ல வேண்டும். பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டி வாசலில் இருந்தது. "சொல்றனுங்க" என்றேன்.

புதன்கிழமை காலை மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன் மூன்றாவது லைனுக்கு முன்னால் போய் நின்றேன். செல்வராணி கண்ணாடிப் பையோடு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. மேனேஜர் தள்ளி நின்றார். முதலாளி அந்தப் பக்கம் வந்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழு நிமிஷம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அடைப்புக்குக் கொக்கி கிடையாது.

"திங்கக்கெழம துணியக் கொண்டுபோயிக் காட்டுனது நானுங்க" என்று ஆரம்பித்தேன். "செல்வராணி எதையும் திருடலீங்க. மாசாமாசம் வர்றது எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான். என்ற ஊட்டுலயும்தான். துணி வெச்சா எங்கயாச்சும் போட்டாகோணும். போடறதுக்கு எடம் வெக்காம உட்டது நான் பண்ண தப்பு. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. இனிமேட்டு குழாய் அடைச்சா எங்கிட்டச் சொல்லுங்க, யாருன்னு கேக்க மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான். செல்வராணி உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள், நூலைக் கோர்த்தாள், மெஷினைப் போட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டாள். நான் வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை. இது வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.

அன்று பகல் முழுக்க வேலை. அதை விலாவாரியாகச் சொல்லப்போவதில்லை. பாதி உங்களுக்கே தெரியும். ஜாயின்டில் இருந்த சிமென்ட் முள்ளை உடைத்தெடுத்தேன். லேடீஸ் டாய்லெட்டுக்கு உள்ளேயே, கை கழுவும் இடத்துச் சுவரில் ஓட்டை போட்டு, தகரத்தில் ஒரு சின்ன மூடி வைத்து, வெளிப்பக்கம் மூடிய டிரம்மில் விழுகிற மாதிரி சரிவாகக் குழாய் கொடுத்தேன். டிரம்மைச் சுற்றித் தட்டி அடைத்துப் பூட்டு போட்டு, சாவியைப் பழனாத்தாளிடம் கொடுத்தேன், கையுறையோடு. எட்டு ரூமிலும் ஆணியடித்து, மெடிக்கல் ஷாப்காரரை நினைத்துக்கொண்டு, வெட்டிய தினசரித் தாளைக் கோர்த்து வைத்தேன். டப்பாவும் வாட்ச்மேன் குச்சியும் வெளியேறின. கேட் மேஜையில் கண்ணாடிப் பை தொடர்ந்தது; ஆனால் அதற்குள் ஒரு சின்னக் கறுப்புக் கவர் இருந்தால் யாரும் அதைத் தொடக் கூடாது என்று முதலாளியே செக்யூரிட்டியிடம் சொன்னார். வெள்ளைக் கட்டிங் வேஸ்டில் நல்ல சுத்தமான துண்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே வைக்கச் சொன்னதும் அவர்தான். எடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம். டிரம்மில் சேர்வதை எரிக்கச் செங்கல்லில் ஓர் அடுப்பு பிறகு கட்டினோம்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். குழாயில் போடாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்கு முன்னால், கையில் ஒன்றைச் சுற்றி வைத்துக்கொண்டு நீங்களே அந்த ரூமுக்குள் நின்று பாருங்கள். தாள் எட்டுகிறதா, மூடி இருக்கிறதா, திறக்கிறவர் யார், வெளியே போகும் வழியில் யார் கண்ணில் படும் என்று பாருங்கள். கழுவுகிறவரிடம் முதலில் கேளுங்கள், கண்டுபிடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை பையர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். முதலாளி வெள்ளை வேட்டியில் முன்னால் நடக்க, மேனேஜர் இங்கிலீஷில் விளக்க, ஏதாவது கேட்டால் சொல்வதற்காக நான் பின்னால் போனேன். மூன்றாவது லைன் பக்கம் வந்தோம். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஓவர்லாக் மெஷினில் இருந்து தலையைத் தூக்கி, அத்தனை சத்தத்துக்கும் மேலே, ஷெட் முழுக்கக் கேட்கும்படி செல்வராணி கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி! பேடு போடுத தகர மூடி சிக்கிட்டு! தொறக்கவே மாட்டேங்கு! வந்து பாருங்க!"

மேனேஜரின் இங்கிலீஷ் பாதியில் நின்றது. கட்டிங் மாஸ்டர் ஒருவர் வாயைப் பிளந்தார். லைனில் ஒரு பெண்ணும் தலையைக் குனியவில்லை. மூன்று வருஷம் அந்தக் குழாயைக் குத்தினேன். அதில் கோளாறு என்று ஒரு பெண் வாய்விட்டு என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் சூடேறியது, சிரிப்பும் வந்தது. என்ன செய்வது என்று முதலாளியைப் பார்த்தேன்.

"என்னையப் பாத்துட்டு நிக்கறீங்க?" என்றார் முதலாளி. "கூப்புடறாங்கல்லங்க, போயி பாருங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.